பெரிய வளாகத்துக்குப் போகும் முன்

இந்த ஜூனிலும் நாலைந்து பிள்ளைகள் வீடு தேடி வந்தார்கள். "ஐயா, இப்போதைக்கு உள்ளூர்ல கிடைச்ச காலேஜ்ல சேந்துட்டேன். அப்புறமா காந்திகிராமத்துலயோ மதுரையிலயோ சோசியாலஜி படிக்க முடியுமா?" எல்லோரும் கேட்டது இதைத்தான். முடியும். முப்பது வருடம் இந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுத்தவன் என்பதால் அவர்களிடம் சொன்னதை இங்கே எழுதுகிறேன். தம்பி, பாப்பா, இருவருக்கும்தான்.

1. சமுதாயக் கல்லூரி என்ற பெயரைப் பார்த்து ஏமாறாதே. அமெரிக்காவில் அப்படிப்பட்ட கல்லூரியில் இரண்டு வருடம் படித்து, அந்தக் கிரெடிட்டை எடுத்துக்கொண்டு பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடத்தில் சேரலாம். இணையத்தில் நீ படிப்பது அந்த ஊர்க் கதை. நம் பக்கம் அந்தப் பெயர் 1995-ல் புதுச்சேரியிலும் அடுத்த வருடம் சென்னையிலும் வந்தது. படிப்பு நின்றுபோன பிள்ளைகளுக்குக் கைத்தொழில் கற்றுக்கொடுத்து வேலைக்கு அனுப்புவது அதன் நோக்கம். 2013-ல் யு.ஜி.சி. கொண்டுவந்த திட்டமும் தொழில் டிப்ளமோவைத்தான் முன்வைத்தது. மரியாதையான படிப்பு, குறை சொல்லவில்லை. ஆனால் பாலிடெக்னிக் முடித்தவன் பி.இ. இரண்டாம் வருடம் ஏறுவது போன்ற படிக்கட்டு கலைப் படிப்பில் பெரும்பாலும் கிடையாது. நம் பிள்ளைகள் போகும் வழி வேறு: உள்ளூரில் ஒரு டிகிரி, அதன்பின் எம்.ஏ.வுக்குப் பல்கலைக்கழகம்.

2. பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, பிறகு மூன்று வருட டிகிரி என்ற வரிசையை உடைக்காதே. பிளஸ் டூ இல்லாமல் நேரே திறந்தநிலையில் வாங்கிய பட்டம் அரசு வேலைக்குச் செல்லாது என்று தெரியும்போது பலருக்கு முப்பது வயது தாண்டியிருக்கிறது.

3. டி.சி., ஒவ்வொரு செமஸ்டர் மதிப்பெண் பட்டியல், புரொவிஷனல், சாதிச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் வை. நான் எம்.ஏ. சேரவேண்டிய வருடம் ஒரு அலுவலகத்தில் என் டி.சி. எங்கோ ஃபைலுக்குள் சிக்கிவிட்டது. ஏழு முறை நடந்தேன். அதற்குள் சேர்க்கை முடிந்துவிட்டது, ஒரு வருடம் போனது. அரியர் இருந்தால் முதல் வேலையாக அதை எழுதி முடி.

4. பி.ஏ. சமூகவியல் கிடைக்கவில்லையே என்று உட்கார்ந்து அழாதே. தமிழோ வரலாறோ பொருளாதாரமோ படித்துவிட்டு எம்.ஏ. சமூகவியலுக்கு வந்தவர்கள் என் வகுப்பிலேயே நல்ல ஆய்வாளர்கள் ஆனார்கள். தகுதி என்ன, நுழைவுத்தேர்வு உண்டா என்பதை அந்தந்த வருட அறிவிப்பில் நீயே படி, டீக்கடையில் கேட்டுக்கொள்ளாதே. வீட்டை விட்டுப் போக வழியில்லாத பிள்ளைகளுக்கு இக்னோவில் எம்.ஏ. சமூகவியல் இருக்கிறது.

5. உள்ளூரில் இருக்கும் இந்த மூன்று வருடம்தான் உன் முதல் கள ஆய்வு. சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916-ல் தன் மாணவர்களை அவரவர் ஊருக்கே அனுப்பி, நிலம் யாரிடம், கடன் எவ்வளவு, என்ன சாப்பிடுகிறார்கள் என்று எழுதி வரச் சொன்னார். அது 1918-ல் புத்தகமானது. அந்த ஊர்களில் ஒன்றான இருவேல்பட்டுக்கு அதன்பின் தலைமுறை தலைமுறையாக ஆய்வாளர்கள் திரும்பிப் போனார்கள். தொடங்கி வைத்தது, லீவுக்கு ஊருக்குப் போன பிள்ளைகள் எழுதிய குறிப்பு.

நான் கற்றுக்கொண்ட இடம் நிலக்கோட்டைப் பக்கம் ஒரு மல்லிகைத் தோட்டம். வினாநிரலை வைத்துக்கொண்டு ஒரு அம்மாவிடம் "மாத வருமானம் எவ்வளவு?" என்று கேட்டேன். "ஏதோ ஓடுது சாமி" என்றார். கட்டம் போட்ட தாளில் அதை எழுத இடம் இல்லை. மறுநாள் விடியும் முன் போய் அவரோடு மொட்டு பறித்தேன். விரல் நுனியில் காம்பைக் கிள்ளும்போது பேச்சு தானாக வந்தது. போன ஆடியில் மகள் பிரசவத்துக்குப் பூக்கடையில் முன்பணம் வாங்கியிருக்கிறார். அதனால் முகூர்த்த நாளில் பக்கத்துக் கடையில் கூட விலை போனாலும் பூ அதே கடைக்குத்தான் போகவேண்டும். எடைத் தராசு, துண்டுச்சீட்டு, கழிவு எல்லாம் கடைக்காரர் சொல்வதுதான். 'வருமானம்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் ஒரு கடன், ஒரு பிரசவம், ஒரு தராசு இருந்தன. அன்றிலிருந்து முதல் நாளே வினாநிரலைப் பையிலிருந்து எடுப்பதில்லை.

உனக்கும் இப்படி ஏதாவது பக்கத்திலேயே இருக்கும். வேடசந்தூர் மில் பேருந்தில் விடிகாலை ஏறும் பெண்கள், பேகம்பூர் தோல் ஷாப்பு, சின்னாளபட்டித் தறி, ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தை. ஒன்றைப் பிடித்துக்கொண்டு வருடம் முழுக்கப் போ.

6. உன் ஊரில் நீ இதுவரை காலெடுத்து வைக்காத தெரு ஒன்று இருக்கும். ஏன் போனதில்லை? யாரும் போகாதே என்று சொல்லாமலே அது எப்படி உனக்குத் தெரிந்தது? இதை எழுதிவிட்டால் பாதிப் பாடம் முடிந்தது. நீ கேள்வி கேட்கும் முன்பே எதிரில் இருப்பவர் "தம்பி யாரு வீட்டுப் பையன்?" என்று உன்னைக் கேட்டுவிடுவார். உன் பதிலுக்கு ஏற்பத்தான் பாய் விரிப்பார், தண்ணீர் தருவார். அந்தப் பாயையும் தண்ணீரையும் நோட்டில் எழுது. பக்கத்து மதுரைச் சீமையில் பிரமலைக் கள்ளர் நடுவே தங்கி எழுதிய பிரெஞ்சுக்காரர் லூயி துய்மோனுக்கு அந்தக் கேள்வி வேறு மாதிரி வந்திருக்கும். நமக்கு நம் சாதி நமக்கு முன்னாலேயே வாசலில் போய் நிற்கும். அதை மறைத்து ஆய்வு செய்ய முடியாது, செய்யவும் கூடாது.

7. ஆங்கிலப் பயம் வேண்டாம். ஒரு நாளைக்கு ஒரு பக்கம், அகராதியோடு. படித்ததைத் தமிழில் நாலு வரி எழுது. எழுத வரவில்லை என்றால் புரியவில்லை என்று பொருள்.

8. குறிப்புகளுக்கு நகல் எடு, நகலை வேறு வீட்டில் வை. சமூகவியலாளர் எம்.என். ஸ்ரீநிவாஸ் 1948-ல் மைசூர்ப் பக்கத்து ராம்புராவில் செய்த ஆய்வின் குறிப்புகளைப் பதினெட்டு வருடம் ஒழுங்குபடுத்தி வைத்திருந்தார். 1970-ல் ஸ்டான்ஃபோர்டில் யாரோ வைத்த தீயில் அவற்றின் மூன்று படியும் எரிந்தன, மூன்றும் ஒரே அறையில் இருந்ததால். நினைவை வைத்தே எழுதி 1976-ல் புத்தகமாக்கினார். அவருக்கு அந்த நினைவாற்றல் இருந்தது, கண்ணு. நீ உன் போனை மட்டும் நம்பாதே.

9. அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து பிளஸ் டூ வரை படித்திருந்தால் மாதம் 1000 ரூபாய் வரும். பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டம், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம். டிப்ளமோவுக்கும் உண்டு. விண்ணப்பிக்காமல் விட்டவர்களைப் பார்த்து மனசு கசந்திருக்கிறேன்.

10. "இதப் படிச்சா என்ன வேல?" என்று அப்பா கேட்பார், கேட்கட்டும். மழுப்பாதே. தொண்டு நிறுவனம், ஆய்வுப் பணி, போட்டித் தேர்வு, நெட் தேறினால் கல்லூரி ஆசிரியர் வேலைக்குத் தகுதி. சம்பளம் மெதுவாகத்தான் ஏறும் என்பதையும் சேர்த்தே சொல்.

11. ஒரு சனிக்கிழமை திண்டுக்கல்லில் மதுரை பஸ் ஏறி காந்திகிராமத்தில் இறங்கு. டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947-ல் தொடங்கிய இடம், 1976 முதல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம். கேட்டில் சமூகவியல் துறை எங்கே என்று கேள். யாராவது ஒரு ஆசிரியர் இருப்பார். உன் மார்க் ஷீட்டைக் காட்டும் முன்பு நோட்டைக் காட்டு.