சொட்டு விழும் இடத்தில் கசிவு இல்லை

ஸ்காபரோவில் ஒரு கராஜில் நான் தொழில் பழகுகிறவனாய் இருந்தபோது 2005ஆம் ஆண்டு மொடல் சில்வராடோ பிக்கப் ஒன்று வந்தது. கூரை வேலை செய்கிறவரின் வண்டி. பின்னால் ஏணி, தார்ச் சுருள், கிழிந்த கையுறைகள். "வேற இடத்திலை காட்டினனான் தம்பி. ரியர் மெயின் சீல் போட்டுதாம். கியர்பொக்ஸைக் கழட்டவேணுமாம், முழு நாள் வேலையாம்" என்றார்.

ஹொயிஸ்டில் ஏற்றிப் பார்த்தால் அப்படித்தான் தெரிந்தது. என்ஜினும் கியர்பொக்ஸும் சேருமிடத்தில் ஒயில் கறுப்பாய்த் திரண்டு சொட்டிக்கொண்டிருந்தது. நானும் தலையாட்டிவிட்டேன். என் மூத்த மெக்கானிக் அண்ணை ஒன்றும் பேசவில்லை. வண்டியைக் கீழே இறக்கி, பொனற்றைத் திறந்து, நீண்ட கம்பியில் பொருத்திய சிறு கண்ணாடியை இன்டேக் மனிஃபோல்டுக்குப் பின்னால் விட்டு, டோர்ச்சை அடித்தார். அங்கே ஒயில் பிரஷர் சென்சாரின் வயர் சொருகும் வாய் நனைந்திருந்தது. அதிலிருந்து கசிந்தது என்ஜினின் பின்சுவரால் வழிந்து, கியர்பொக்ஸ் மூட்டில் வந்து சொட்டியிருக்கிறது. சீல் நன்றாகத்தான் இருந்தது. ஒரு நாள் வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்தது. அந்தக் காலத்து 5.3 லீற்றர் என்ஜினில் இது பழைய கதை என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

ரொறன்ரோவில் இந்தத் தொழிலுக்குப் புதிதாய் வருகிற தம்பி, தங்கைமார் கசிவு பிடிப்பதை முதலில் பழகுங்கள் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான். பாகம் மாற்ற எல்லோருக்கும் தெரியும். எந்தப் பாகம் என்று சரியாகச் சொல்கிறவனைத்தான் வாடிக்கையாளர் பெயர் சொல்லித் தேடி வருவார்.

ஒயில் இரண்டு திசையில் போகும்: பாரத்தால் கீழே, ஓடும்போது அடிக்கும் காற்றால் பின்னே. ஆகவே நனைந்த இடங்களுக்குள் எது மிக உயரத்தில், எது மிக முன்னால் இருக்கிறதோ அங்கேயிருந்து தேடுங்கள். சொட்டு விழும் இடம் கடைசி இடம்.

ஆனால் டோர்ச்சை எடுப்பதற்கு முன் வாயைத் திறந்து கேளுங்கள். கடைசியாக எப்போது ஒயில் மாற்றினது? அதற்குப் பிறகுதான் கசிவு தொடங்கியது என்றால் முதலில் ஃபில்ற்றரைப் பாருங்கள். பழைய ஃபில்ற்றரின் ரப்பர் வளையம் என்ஜினோடு ஒட்டிக்கொண்டு நிற்க, அதற்கு மேலேயே புதியதைப் பூட்டியிருப்பார்கள். சிவப்பு விளக்கில் நிற்கும்போது எரிந்த மணம் வருகிறதா? வந்தால் ஒயில் எக்ஸோஸ்ட் குழாயில் விழுகிறது. அது தீப்பிடிக்கக்கூடிய விஷயம், நாளைக்குப் பார்க்கலாம் என்று அனுப்பாதீர்கள். விழுவது ஒயில்தானா என்பதையும் உறுதி செய்யுங்கள். சிவப்பாய் இருந்தால் பெரும்பாலும் கியர்பொக்ஸ் திரவம். பச்சையோ செம்மஞ்சளோ என்றால் கூலன்ற். கோடையில் வெறும் ஏசித் தண்ணீருக்குப் பயந்து ஓடி வந்தவர்களும் உண்டு. அவர்களைச் சிரிக்காமல் அனுப்பிவையுங்கள்.

அடுத்தது கழுவுதல். இதைத்தான் அவசரக்காரர் விடுவார்கள். இருபது வருட அழுக்குக்குள் புதுக் கசிவைத் தேட முடியாது. டிகிரீசர் போட்டுத் தேய்த்து, மூலைமுடுக்குகளைப் பிரேக் கிளீனரால் துடையுங்கள். என்ஜின் ஆறியிருக்க வேண்டும். பிரேக் கிளீனரில் குளோரின் சேர்ந்த வகை உண்டு. அது சூட்டிலோ வெல்டிங் பொறியிலோ பட்டால் நச்சுவாயுவாக மாறும். டப்பாவின் லேபலை வாசியுங்கள்.

பிறகு புற ஊதா ஒளியில் ஒளிரும் சாயத்தை ஒயிலில் ஊற்றி, வண்டியைக் கொஞ்ச நேரம் ஓட்டுங்கள். கசிவு மிக மெல்லியது என்றால் வாடிக்கையாளரே இரண்டு மூன்று நாள் ஓட்டிவிட்டுக் கொண்டுவரட்டும். மஞ்சள் கண்ணாடி போட்டு, பட்டறை விளக்கை அணைத்து, புற ஊதா டோர்ச்சை அடித்தால் கசியும் கோடு பச்சை மஞ்சளாய்த் துலங்கும். அந்தக் கோட்டை மேல்நோக்கிப் பின்தொடர்ந்து போங்கள்; அது தொடங்கும் இடம்தான் உங்கள் விடை. சாயம் கைவசம் இல்லையா? கழுவிக் காயவைத்த இடத்தில் பாதத்துக்கு அடிக்கும் பவுடர் ஸ்பிரேயை அடித்துவிட்டு என்ஜினை ஓட விடுங்கள். வெள்ளையில் கறை எங்கே முதலில் விழுகிறது என்று பாருங்கள். குளிர்காலத்தில் கதவை மூடிக்கொண்டு என்ஜினை ஓட விடுகிறீர்கள் என்றால் புகைக்குழாயை வெளியே விட்டாயிற்றா என்று இரண்டு முறை பாருங்கள். கார்பன் மொனொக்சைட்டுக்கு மணம் கிடையாது.

வண்டிக்கு வண்டி சந்தேக நபர்கள் மாறுவார்கள். சில்வராடோவில் சென்சாரோடு, ஃபில்ற்றருக்கு மேலே இரண்டு போல்ட்டில் நிற்கும் சிறு மூடியின் காஸ்கெற்றையும் ஒயில் கூலர் குழாய்களின் மூட்டுகளையும் பாருங்கள். 4.6, 5.4 லீற்றர் எஃப்-150இல் ஒயில் ஃபில்ற்றர் பொருத்தும் அடாப்டரின் காஸ்கெற் பெயர்போனது. எந்தப் பழைய என்ஜினிலும் வால்வ் கவர் காஸ்கெற் சூட்டில் வெந்து இறுகியிருக்கும்.

எங்கள் ஊருக்கென்றே இரண்டு குற்றவாளிகள் உண்டு. ஒன்று உப்பு. வீதியில் கொட்டும் உப்பு இரும்பு ஒயில் பானை வெளியிலிருந்தே தின்றுவிடும். துரு பிடித்த பானை ஸ்குரூ டிரைவரால் குத்திப் பார்க்காதீர்கள். ஓட்டை விழுந்தால் பொறுப்பு உங்கள் தலையில். மற்றது குளிர். தை மாதத்தில் கடைக்கும் வீட்டுக்கும் மட்டும் ஓடுகிற வண்டியில் என்ஜின் முழுதாய்ச் சூடாவதில்லை. உள்ளே தங்கும் ஈரம், என்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிசிவி குழாயில் உறைந்து அடைக்கும். வெளியேற வழியில்லாத அழுத்தம் நல்ல சீலையும் தள்ளிக்கொண்டு ஒயிலை வெளியே விடும். அப்போது சீலை மாற்றினால் புதுச் சீலும் கசியும். சோதிக்கச் சுலபமான வழி: ஐட்லிங்கில் ஒயில் மூடியைக் கழற்றி அந்த வாயில் ஒரு ரப்பர் கையுறையை மாட்டுங்கள். மெல்ல உள்ளே இழுபட்டால் சரி. பலூன் மாதிரி ஊதினால் சீலை விட்டுவிட்டுப் பிசிவியைப் பாருங்கள். அது சுத்தமாய் இருந்தும் ஊதினால் பிஸ்டன் வளையங்களைச் சந்தேகியுங்கள்.

எல்லாக் கசிவையும் அடைக்க வேண்டுமா? என் கணக்கில் இல்லை. ஈரம் படிந்திருக்கிறது, சொட்டவில்லை என்றால் பழைய பிக்கப்புக்கு அது நரை மாதிரி. மாதம் ஒருமுறை டிப்ஸ்டிக் பார்க்கச் சொல்லி அனுப்புங்கள். சொட்டு வேறு கதை. வீட்டு முன்றலில் சிந்தி மழையோடு தெருவடிகாலில் இறங்குவது ஒன்ராறியோ ஏரிக்குத்தான் போகும், அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறோம்.

இனிக் காகித விஷயம். ஒன்ராறியோவில் இது கட்டாயம் உரிமம் வேண்டிய தொழில், தொழில் எண் 310எஸ். தொழில் பயில்வோரைப் பதிவு செய்யும் அமைப்பான ஸ்கில்ட் ட்ரேட்ஸ் ஒன்ராறியோவில் பதியாமல் கையில் காசு தருகிறோம் என்று யாரும் கூப்பிட்டால் போகாதீர்கள். பயிற்சிக் கணக்கு 7,220 மணி நேரம். பதிவில்லாமல் உழைத்த நேரம் உங்கள் கணக்கில் ஏறும் என்று நம்பியிருக்க முடியாது. வகுப்புக்கு ஸ்காபரோவிலேயே சென்ரெனியல் கல்லூரியின் ஆஷ்டன்பீ வளாகம் இருக்கிறது.

வாடிக்கையாளரிடம் பேசும்போது சட்டம் உங்கள் பக்கமும் அவர் பக்கமும் நிற்கிறது. மதிப்பீட்டை எழுதிக் கொடுக்க வேண்டும். அவர் அது வேண்டாம் என்றால் உச்சத் தொகை ஒன்றைச் சொல்லிச் சம்மதிக்க வேண்டும். இறுதிக் கட்டணம் மதிப்பீட்டை 10 சதவீதத்துக்கு மேல் தாண்டக்கூடாது. மதிப்பீட்டுக்குக் கட்டணம் உண்டென்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பாகத்துக்கும் வேலைக்கும் குறைந்தது 90 நாள் அல்லது 5,000 கிலோமீற்றர் உத்தரவாதம். கசிவு தொடங்கும் இடத்தைக் கைபேசியில் படமெடுத்துக் காட்டுங்கள். பேரம் பேசுகிறவர்கூடப் படத்தைப் பார்த்தபின் அமைதியாகிவிடுவார்.

வேலை முடிந்து சாவியைக் கொடுக்கும்போது, 500 கிலோமீற்றர் ஓடினதும் ஒருமுறை கொண்டுவாங்கோ என்று சொல்லுங்கள். டோர்ச்சை அடித்து, காய்ந்திருக்கிறதா என்று இரண்டு பேருமாய்ப் பாருங்கள். அதற்குக் காசு வாங்காதீர்கள்.