ஊதியம் வாங்காத சாலைக் காவலர்

புதிதாக வண்டி வாங்கியவர்கள் அதைக் கோயில் வாசலுக்குக் கொண்டுவந்து, பூசை செய்வித்து, சக்கரங்களின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிய பிறகே சாலையில் ஓட்டுவது நம்மவர் வழக்கம். மேற்கு ஆப்பிரிக்காவின் நைஜீரியாவில் வாழும் யொரூபா மக்களிடமும் இதையொத்த நம்பிக்கை உண்டு. அவர்களுக்கு ஓகுன் என்பவர் இரும்பின் தெய்வம். கொல்லரும் வேட்டைக்காரரும் வணங்கிவந்த அத்தெய்வத்தை, மோட்டார் வண்டிகள் வந்தபின் ஓட்டுநர்களும் தமக்குரிய தெய்வமாக்கிக் கொண்டார்கள். வண்டியும் இரும்புதானே!

ஓகுன் தெய்வத்தைத் தம் எழுத்தில் திரும்பத் திரும்பக் கொண்டுவந்தவர் வோலே சொயிங்கா. 1986ஆம் ஆண்டில் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்றவர். லாரி ஓட்டுநர்களின் வாழ்வையும் சாலைச் சாவுகளையும் வைத்து 1965இல் ‘சாலை’ என்னும் பொருள்படும் நாடகம் ஒன்றை எழுதினார். எழுதியதோடு அவர் இருந்துவிடவில்லை என்பதனாலேயே அவரை இங்கு நினைவுகூர்கிறோம். அவர் ஆசிரியராக இருந்த இஃபே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் இபாதான் செல்லும் சாலையில் மாண்டுவந்த காலம் அது. 1977இல் ஓயோ மாநிலத்தில் சாலைப் பாதுகாப்புப் படை ஒன்று தொடங்கப்பட்டபோது அவர் முன்னின்று நடத்தினார். அப்படை 1983இல் கலைக்கப்பட்டது. பின்னர் 1988இல் மத்திய அரசு நாடு முழுவதற்கும் சாலைப் பாதுகாப்புப் படையை நிறுவி, அவரையே முதல் தலைவராக்கிற்று.

இப்படையில் இரு வகையினர் உள்ளனர். முழுநேர மார்ஷல்கள் சம்பளம் பெறுபவர்கள். சிறப்பு மார்ஷல்கள் எனப்படுவோர் தொண்டூழியர்கள். ஆசிரியர், மருத்துவர், பொறியாளர், வணிகர் எனத் தத்தம் தொழிலைப் பார்த்துக்கொண்டே, பயிற்சி பெற்று, ஓய்வு நேரத்தைச் சாலைக்குத் தருபவர்கள். பேருந்தும் லாரியும் புறப்படும் நிலையங்களுக்குச் சென்று ஓட்டுநர்களோடு பேசுவது, விபத்தில் சிக்கியவர்களை மீட்பது, நெரிசலைச் சீர்செய்வது, முழுநேர மார்ஷல்களோடு ரோந்து செல்வது ஆகியவை இவர்கள் பணி. விதியை மீறிய ஓட்டுநருக்குக் குற்றச்சீட்டு எழுதித் தரப்படும். அபராதத்தை அவர் வங்கியில் கட்ட வேண்டும்; சாலையோரத்தில் பணம் கைமாறக் கூடாது என்பது ஏற்பாடு.

இந்த ஏற்பாட்டின் அருமை அந்நாட்டுச் சாலையில் பயணம் செய்தவர்களுக்கே நன்கு விளங்கும். தடுப்புப் போட்டு நிறுத்திக் கைநீட்டுவார்கள் என்பது அங்கே மக்களின் நெடுநாள் மனக்குறை. நிறுத்துகிறவர் சம்பளமே வாங்காதவர், நாளைக் காலையில் தம் பிள்ளைக்குப் பாடம் சொல்லித்தரும் ஆசிரியர் என்றால், ஓட்டுநர் வேறு முகத்தோடுதான் கண்ணாடியை இறக்குவார். என்னைக் கேட்டால், குற்றச்சீட்டைவிட அந்தக் கூச்சத்துக்கே வலிமை அதிகம். ஆனால் இதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. சீருடை போட்டதும் அதிகாரம் தலைக்கேறுவது தொண்டூழியருக்கும் நேரக்கூடியதே. அனுபவமுள்ள முழுநேரத்தவர் பக்கத்தில் இருப்பது இருவருக்கும் நல்லது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். செப்டம்பர் முதல் டிசம்பர் வரையுள்ள நான்கு மாதங்களும் உயிர்ப்பலி கேட்கும் மாதங்கள் என்று நைஜீரியாவில் பலர் அஞ்சுகிறார்கள். ‘எம்பர்’ மாதங்கள் என்றே அவற்றுக்குப் பெயர். ஆண்டிறுதியில் ஊர் திரும்பும் கூட்டம், அவசரம், வேகம், தூக்கமின்மை ஆகியவையே காரணம் என்று படையினர் ஒவ்வோர் ஆண்டும் எடுத்துச் சொல்கிறார்கள். கிறிஸ்துமஸ் நாள்களில், மற்றவர்கள் குடும்பத்தோடு இருக்கும்போது, சிறப்பு மார்ஷல்களும் நெடுஞ்சாலையில் நிற்கிறார்கள்.

நம் சிங்கப்பூரிலும் இதற்கு ஒப்பான அமைப்பு உண்டு. 1946இல் தோன்றிய தொண்டூழியச் சிறப்புக் காவற்படையினருக்கு, முழுநேரப் போலீஸ் அதிகாரிகளுக்குள்ள அதே அதிகாரங்கள் இருக்கின்றன. ஆனால் தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலையிலிருந்து டேங்க் ரோடு வரை காவடிகளுக்கு வழிவிட்டு நிற்கும் கோயில் தொண்டூழியருக்கு அந்த அதிகாரம் கிடையாது. வண்டியை நிறுத்துவதும் குற்றம் பதிவதும் போலீசாரின் வேலை. பக்தர்களை வரிசையில் வைத்திருப்பதும், தடத்தைவிட்டு இறங்கும் குழந்தையை உள்ளே இழுப்பதும் நம்முடைய வேலை. வரும் ஆண்டில் தொண்டுசெய்ய முன்வரும் இளையர்கள் ஒரு கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி, ஒரு வினாடிக்கு ஏறக்குறைய 14 மீட்டர் ஓடுகிறது. நம்மைக் கண்டு ஓட்டுநரின் கால் பிரேக்கைத் தொட ஒன்றரை வினாடி ஆனால், அதற்குள் 21 மீட்டர் போய்விடும். வண்டி நிற்பதற்கு மேலும் தூரம் வேண்டும். ஆகவே ஒளிபிரதிபலிக்கும் மேலங்கி அணிந்து, காவடியைப் பார்க்கும் ஆவலை அடக்கி, வண்டி வரும் திசைக்கு முகம் காட்டி நில்லுங்கள்.