அப்பத்தாவின் காபி

அன்புள்ள கண்ணம்மா,

உன் கடிதம் கிடைத்தது. "அப்பத்தா இப்பல்லாம் கட்டிலை விட்டு இறங்குறதே இல்லை அத்தை. எல்லாத்தையும் கையிலயே கொண்டு போய்க் குடுத்திடறோம். ஆனாலும் முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டே இருக்காங்க" என்று எழுதியிருக்கிறாய். கையிலேயே கொண்டு போய்க் கொடுப்பதால்தான் அந்த முகம், கண்ணம்மா.

என் அம்மாவுக்கு, அதாவது உன் அப்பத்தாவுக்கு, இடுப்பில் ஆபரேஷன் முடிந்து நான்கு மாதம் ஆகிறது. தாராளமாக நடக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பிசியோதெரபிஸ்ட் வந்து காலை மடக்கி நீட்டப் பழக்கிவிட்டார். அது பாதி வேலை. பழகிய அந்தக் கால் எங்கே போக ஆசைப்படுகிறது? சமையலறைக்கா, பூஜை அறைக்கா, வாசல் திண்ணைக்கா? அதைக் கேட்டு, அங்கே போய்ச் சேர வழி செய்வது என் வேலை. ஆக்குபேஷனல் தெரபி என்ற இந்த வேலையைத் தமிழில் 'தொழில்வழி சிகிச்சை' என்று சொன்னால், "வயசான காலத்துல எதுக்குத் தொழில்?" என்று கேட்பவர்கள் உண்டு. பல் துலக்குவது, ஜாக்கெட் ஊக்கு மாட்டுவது, கீரை ஆய்வது, பக்கத்து வீட்டுக்குப் போய் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வருவது, இப்படி ஒருவரின் பொழுதை நிறைக்கும் எல்லாமே எங்களுக்குத் தொழில்தான்.

காபியையே எடுத்துக்கொள். 'காபி போடுவது' என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். நான் அதைப் பிரித்துப் பிரித்துப் பார்ப்பேன். கட்டிலிலிருந்து எழ வேண்டும். நிலைப்படி தாண்ட வேண்டும். மேல்தட்டில் இருக்கும் காபித்தூள் டப்பாவை எட்டி எடுத்து, மூடியைத் திருக வேண்டும். பாலைக் காய்ச்சி இடுக்கியால் பிடித்து இறக்க வேண்டும். ஆற்ற வேண்டும். சூடான டம்ளரோடு நாற்காலி வரை நடக்க வேண்டும். போன மாதம் வந்திருந்தபோது அம்மாவின் பின்னால் நின்று, பேசாமல் பார்த்தேன். தடுமாறியது இரண்டே இடத்தில்: டப்பாவை எட்டும்போதும், டம்ளரோடு நடக்கும்போதும். விரல் முட்டி வீங்கியிருப்பதால் மூடி திருக நேரமாகிறது, ஆனால் திருகிவிடுகிறார். அந்த இரண்டு இடத்துக்காக மொத்தக் காபியையும் அவர் கையிலிருந்து நாம் பறித்துவிட்டோம்.

டப்பாவை இடுப்பு உயரத் தட்டுக்கு இறக்கினேன். அடுப்புக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு நாற்காலி போட்டு, ஆற்றிய கையோடு அங்கேயே உட்கார்ந்து குடிக்கச் சொன்னேன். அன்று எனக்கும் சேர்த்துப் போட்டார். சர்க்கரை தூக்கலாக, அதே பழைய கைமணம். நான் ஊர் திரும்பியதும் டப்பா மறுபடி மேலே ஏறிவிட்டது போலிருக்கிறது. உன் அம்மாவைக் குறை சொல்லவில்லை. பால் கையில் கொட்டிவிடுமோ என்ற பயம் யாருக்கும் வரும். ஆனால் படுத்தே கிடந்தால் தசை வற்றும். தசை வற்றிய கால் அடுத்த முறை இன்னும் எளிதாகத் தடுக்கி விழும். அந்தப் பயம்தான் எனக்குப் பெரிது.

குளியலறையை இந்த வாரமே பார். துண்டு போடும் கம்பியைப் பிடித்து எழ விடாதே. ஆள் பாரத்துக்கு அது ஸ்க்ரூவோடு பெயர்ந்து வந்துவிடும். சுவரில் துளையிட்டு இறுக்கிய ஸ்டீல் கைப்பிடி வேண்டும். வெள்ளை டைல்ஸில் வெள்ளை வாளி மங்கிய கண்ணுக்குத் தெரியாது, சிவப்பு வாளி வாங்கு. ஓரம் மடங்கிய மிதியடியைத் தூக்கிப் போடு. நிலைப்படி விளிம்பில் மஞ்சள் டேப் ஒட்டு. ஜாக்கெட் போடும்போது வலிக்கிற தோள் பக்கத்துக் கை முதலில் நுழையட்டும், கழற்றும்போது அது கடைசியில் வரட்டும்.

அமெரிக்காவில் ஃபுளோரன்ஸ் கிளார்க் குழுவினர் 1997-இல் வெளியிட்ட ஓர் ஆய்வை நான் மாணவர்களுக்கு அடிக்கடி சொல்வேன். லாஸ் ஏஞ்சலிஸில் 60 வயதைத் தாண்டிய 361 பேரை மூன்று பிரிவாக்கினார்கள். முதல் பிரிவுக்கு 9 மாதம் தொழில்வழி சிகிச்சை. இரண்டாவது பிரிவுக்குச் சினிமா, விளையாட்டு, வெளியே போய்வருவது என்று கூடிப் பொழுதுபோக்க ஏற்பாடு. மூன்றாவது பிரிவுக்கு ஒன்றும் கிடையாது. பொழுதுபோக்கு மட்டும் கிடைத்தவர்களுக்கும் ஒன்றும் கிடைக்காதவர்களுக்கும் சொல்லும்படி வேறுபாடே இல்லை. தன் நாளைத் தானே திட்டமிடக் கற்றுக்கொண்ட முதல் பிரிவினர்தான் உடலிலும் மனதிலும் தெம்பாக இருந்தார்கள். அப்பத்தா முன்னால் டி.வி.யைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவது ஏன் போதாது என்று இப்போது புரிகிறதா?

இன்னொன்று. பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாரா சான்டன் வகுத்த திட்டத்தில், முதியவர் வீட்டுக்கு மூன்று பேர் போகிறார்கள். தொழில்வழி சிகிச்சையாளர், செவிலியர், மூன்றாவதாகப் படியும் கைப்பிடியும் சரிசெய்யும் வேலையாள். எது மாற வேண்டும் என்று சொல்பவர் அந்த முதியவர். வருமானம் குறைந்த 300 பேரிடம் நடத்திய ஆய்வு 2019-இல் வெளியானது. குளிப்பது, உடுத்துவது போன்ற அன்றாட வேலைகளில் இந்தத் திட்டம் கிடைத்தவர்களுக்கு இருந்த சிரமம் ஐந்தே மாதத்தில் கணிசமாகக் குறைந்திருந்தது. சிகிச்சையில் வேலையாளுக்கும் இடம் கொடுத்தார்களே, அது எனக்கு மிகவும் பிடிக்கும். நம் தெருவிலும் ஆசாரியும் கொத்தனாரும் இருக்கிறார்கள். அரை நாள் வேலை.

உனக்கு என்னம்மா வேணும் என்று நானும் அம்மாவைக் கேட்டேன். காபியைக்கூடச் சொல்லவில்லை. "வெள்ளிக்கிழமை வெளக்கை நான் ஏத்தணும்டி" என்றார். குத்துவிளக்கு தரையில் இருக்கிறது, குனிய முடியவில்லை. அதை இடுப்பு உயர மேடைக்கு ஏற்றி, பிடித்துக்கொள்ள உறுதியான நாற்காலி ஒன்றைப் பக்கத்தில் போடு. முந்தானையை இடுப்பில் செருகிக்கொள்ளச் சொல். தீப்பெட்டியை நீ எடுத்துவிடாதே.

டப்பாவை இன்றைக்கே கீழே இறக்கிவிடு. ஞாயிற்றுக்கிழமை காலை அப்பத்தா காபி போடும்போது ஒரு எட்டு தள்ளி நில். அவர் கேட்டால் மட்டும் கை கொடு. எங்கே தயங்கினார், எங்கே நின்றார், எது தானாக நடந்தது என்று பார்த்து எனக்கு எழுது.

அன்புடன்,
அத்தை