டைல்ஸ் பதிக்கும் தம்பிக்கு



அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டிய விடுதியின் முற்றத்தில் நீ பதித்த போர்சலின் கற்களையும், பராமரிப்புக்கென்று சொந்தக்காரரிடம் நீ எழுதிக் கொடுத்திருக்கும் ஒரு பக்கக் குறிப்பையும் சென்ற பௌர்ணமிக்கு முதல்நாள் பார்த்தேன். வாட்டம் பிரமாதம்! ஒரு குடம் நீரை நானே கொட்டிப் பார்த்தேன். ஒரு துளி தேங்காமல் அது ஜலதாரையைத் தேடி ஓடிய அழகில், காலஞ்சென்ற என் மேஸ்திரியின் கை கண்முன் வந்து நின்றது. ஆனால் குறிப்பின் மூன்றாம் வரியில், வெள்ளைப் படலம் போகாவிட்டால் ஆசிட் ஊற்றிக் கழுவவும் என்று எழுதியிருக்கிறாயே, அதைப் படித்த பிறகு புகழ மனம் வரவில்லை.

உன் ஆட்கள் ஒரே வாளித் தண்ணீரில் முற்றம் முழுவதையும் துடைத்தார்கள் என்பதற்கு, வாசற்படி முதல் துளசி மாடம் வரை ஸ்பாஞ்சு போன வளைவுகள் வெளுத்துக் காய்ந்து கிடப்பதே சாட்சி. ஜாயிண்டில் நிரப்பிய சிமெண்ட் மேற்பரப்பில் இறுகுமுன், நீரை அடிக்கடி மாற்றி, நன்றாகப் பிழிந்த ஸ்பாஞ்சை மூலைவாட்டில் இழுத்து, உலர்ந்த மரத்தூள் தூவிச் சாக்கால் தேய்த்திருந்தால் இந்தப் படலமே படிந்திராது.

1200 டிகிரிக்கு மேல் சுட்டெடுத்த கல்லை உப்பு அமிலம் ஒன்றும் செய்யாது என்பாய், வாஸ்தவம். இடையிலுள்ள சிமெண்டை என்ன செய்யும் என்பதை நான் வாலிப வயதில் ஒரு கல்யாண மண்டபத்தில் கற்றேன். முகூர்த்தம் நெருங்கிய அவசரத்தில் இரவோடிரவாக ஆசிட் ஊற்றிக் கழுவினேன். விடிந்தபோது அதன் ஆவியில் கதவுத் தாழ்ப்பாள் துருவேறியிருந்தது. ஜாயிண்டை நகத்தால் கீறினால் மணலாக உதிர்ந்தது. மேஸ்திரி ஒரு வார்த்தையும் பேசாமல் கரண்டியை என் கையில் கொடுத்தார். ஒன்பது நாள் மண்டியிட்டு அத்தனை ஜாயிண்டையும் சுரண்டி நிரப்பினேன். முழங்கால் இன்றும் மழைநாளில் அதைச் சொல்லும். தவிர்க்கவே முடியாதென்றால், ஜாயிண்ட் நன்கு உலர்ந்து இறுகிய பின், சல்பாமிக் அமிலத் தூளை நீர்க்கக் கரைத்து, முதலில் தரையை வெறும் தண்ணீரால் நனைத்து, ஒரு மூலையில் சோதித்து, பிறகு தாராளமாக அலசு.

மாதமொருமுறை தேங்காயெண்ணெய் பூசவும் என்ற ஏழாம் வரி என் மற்றொரு ஆத்திரம். ஆத்தங்குடிக் கல் எண்ணெயைக் குடிக்கும், குடித்து மெருகேறும். அது சிமெண்ட் ஜாதி. எடையில் நூற்றுக்கு அரைப் பங்கு நீரைக்கூட உள்ளே விடாத போர்சலினில் எண்ணெய் மேலேதான் கிடக்கும். அதில் புழுதி படியும். மலையை 14 கிலோமீட்டர் வெறுங்காலால் சுற்றிக் களைத்து வருகிற ஒரு பாட்டி அதில் சறுக்கி விழுவாள். சோப்புத்தூளையும் அலசி எடுக்காவிட்டால் அப்படித்தான் வழுக்கும்.

அடுத்த பௌர்ணமிக்குள் அவ்விரு வரிகளையும் அடித்துவிட்டு வேறு குறிப்புக் கொடு. படலத்தை எடுக்க வெள்ளிக்கிழமை நானே வருகிறேன். சாக்கு என்னிடம் இருக்கிறது, நீ இரண்டு வாளி கொண்டு வா.