வெள்ளிக்காசும் அம்மிக்கல்லும்

அன்புள்ள மருமகனுக்கு,

சுழியோடப் பழகி முடித்துவிட்டாய், பங்குனியில் கடல் அடங்கியதும் கிரிந்தவுக்குப் போகிறாய் என்று அக்கா சொன்னா. மகிழ்ச்சி. யால பூங்காக் கரைக்கு அப்பால், வெளிச்சவீடு நிற்கும் கிரேட் பாசஸ் பாரில் புதையல் உண்டு என்று தோழர்கள் சொன்னார்களாம். பொய்யில்லை. ஆனால் முழுக்கதையையும் கேட்டுவிட்டுப் போ.

1961இல் சுழியோடி மைக் வில்சனும் அவரோடு போன இரண்டு சிறுவர்களும் அங்கே வெண்கலப் பீரங்கி ஒன்றையும் வெள்ளிக்காசுகளையும் கண்டார்கள். அவை ஔரங்கசீப் பெயரில் சூரத்தில் அடித்த ரூபாய்கள். ஆயிரம் ஆயிரமாகச் சாக்கில் கட்டிக் கப்பலொன்றில் ஏற்றியவை. சாக்கு உக்கிப்போக, காசுகள் ஒன்றோடொன்று இறுகி மூட்டை வடிவிலேயே கட்டியாகிக் கிடந்தன. அவற்றில் பொறித்திருந்த ஆண்டு ஹிஜ்ரி 1113. அதைக்கொண்டே அந்தக் கப்பல் 1702ஐ ஒட்டி மூழ்கியது என்று கணித்தார்கள்.

இந்த இடத்தில் சற்று நின்று யோசி. தனிக்காசு ஒன்று, தான் அடிக்கப்பட்ட ஆண்டைச் சொல்லும். எப்போது கடலுக்குள் போனது என்பதைச் சொல்லாது. ஒரே ஆண்டுக் காசுகள் கட்டுக் குலையாமல் சேர்ந்து கிடந்ததுதான் சாட்சி. ஆளுக்கொரு பிடி பெயர்த்துப் போயிருந்தால் வெள்ளி மிஞ்சியிருக்கும், வரலாறு போயிருக்கும்.

அதே தென்கரையில், அம்பாந்தோட்டைக்குப் பக்கத்துக் கொடவாயவில், 2003இல் சங்கு குளிக்கப் போனவர்கள் முப்பது மீற்றருக்கும் கீழே செதுக்கிய கல் ஒன்றைக் கண்டார்கள். அம்மிபோன்ற சிறு கல். விலைபோகாத பொருள். ஆனாலும் அது தொல்லியலாளர் கைக்கு வந்து சேர்ந்தது. கல் கிடைத்த இடத்தில் நடந்த ஆய்வில் கண்ணாடிக் கட்டிகளும் உலோகமும் மட்பாண்டங்களும் வெளிப்பட்டன. இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்திய கப்பல். இந்து சமுத்திரத்தில் இதுவரை அறிந்தவற்றுள் மிகப் பழையது. துறைமுகச் சுங்கத்தை விகாரைக்குக் கொடுத்த கஜபாகு மன்னனின் கல்வெட்டு அதே ஊர்க் கரையில் இருக்கிறது. கரையில் கல் சொன்ன வணிகத்துக்குக் கடலடியில் சரக்கே கிடைத்தது. வெள்ளியைவிடப் பெரிய புதையல் இதுதான் என்பேன்.

நூறாண்டு கடந்த சிதைவுகளைச் சட்டம் காக்கிறது. அனுமதியின்றி எடுப்பது குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் எடுக்கக்கூடாது என்பதற்குக் காரணம் உண்டு. உப்பில் ஊறிய இரும்பு காற்றுப்பட்டதும் வெடித்துச் செதில் செதிலாக உதிரும். மரம் காய்ந்து சுருங்கிக் கோணும். நல்ல தண்ணீரில் மாதக்கணக்காக, சிலவேளை ஆண்டுக்கணக்காக ஊறவைத்து உப்பை வெளியேற்ற ஆய்வுக்கூடம் வேண்டும். உன் வீட்டு அலுமாரியில் அது நடக்காது.

ஆகவே எதையாவது கண்டால் தொடாதே. பக்கத்தில் அளவுகோலை வைத்துப் படமெடு. ஆழத்தையும், கரையடையாளங்கள் இருக்கும் திசையையும் குறித்துக்கொள். இடத்தை முகநூலில் போடாதே. தொல்பொருள் திணைக்களத்துக்கு எழுது. காலித் துறைமுகத்தில் 1659இல் மூழ்கிய ஒல்லாந்தக் கப்பல் அவொன்ட்ஸ்டரை ஆய்ந்த கடல்சார் தொல்லியல் பிரிவு காலியில் இருக்கிறது. அங்கே போய், கற்றுக்கொள்ள வழியுண்டா என்று கேள். உனக்கு மூச்சடக்கவும் ஆழம் பார்க்கவும் தெரியும். கடலடியில் கிடப்பதை அளந்து எழுதத் தெரிந்த தமிழ்ப் பிள்ளைகளும் இந்தத் தீவுக்கு வேண்டும். அவர்களில் ஒருவனாக நீ வரவேண்டும் என்பதே என் ஆசை.

அன்புடன்,
மாமா