கிண்ணம் ஏந்திய முதியவர்

1950-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 16-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. பிரேசில் நாட்டின் அந்நாளைய தலைநகராகிய ரியோ டி ஜெனிரோ விழாக்கோலம் பூண்டிருந்தது. புதிதாக எழுப்பப்பெற்ற மரக்கானா விளையாட்டரங்கில், நுழைவுச்சீட்டுப் பெற்றவர் மட்டும் 1,73,850 பேர் எனக் கணக்கிட்டனர். உள்ளே இருந்தவரோ இரண்டு இலட்சத்தை நெருங்கினர் என்பர். உலகக் கால்பந்துக் கிண்ணம் யாருக்கு என்பதை உறுதிசெய்யும் ஆட்டம் அன்று நடைபெற இருந்தது.

அப்பெருங்கூட்டத்தின் நடுவே பிரெஞ்சு நாட்டினர் ஒருவர் அமர்ந்திருந்தார். அவர் பெயர் ஜூல் ரிமே, அகவை 76. உலகக் கால்பந்துக் கழகத்தின் தலைவர் அவர். நாடுகள் போர்க்களத்தில் மோதாமல் ஆடுகளத்தில் கூடவேண்டும் என்னும் விழைவினால் இப்போட்டியைத் தோற்றுவித்தவரும் அவரே. கிண்ணத்திற்கும் அவர் பெயரே இடப்பெற்றிருந்தது.

பிரேசில் மக்கள் வெற்றியை எதிர்பார்த்திருந்தனர் என்று கூறுவது போதாது. வெற்றி முன்னரே கிட்டிவிட்டதாகவே எண்ணியிருந்தனர். அதற்குக் காரணமும் இருந்தது. அவர்கள் ஸ்வீடனை 7-1 என்றும், ஸ்பெயினை 6-1 என்றும் வென்றிருந்தனர். அன்று வெல்லவும் வேண்டுவதில்லை. ஆட்டம் சமனில் முடிந்தாலே கிண்ணம் அவர்களுடையது. எதிரணியோ உருகுவே என்னும் சிறிய அண்டை நாடு. எனினும் 1930-இல் முதற் கிண்ணத்தை வென்றது அச்சிறு நாடே என்பதைப் பலரும் மறந்தனர் போலும்! ஆட்டம் தொடங்குமுன்பே ஒரு செய்தித்தாள் பிரேசில் ஆட்டக்காரரின் படத்தை வெளியிட்டு, உலக வெற்றியாளர் இவரே என அச்சிட்டுவிட்டது. நகரத் தலைவரும் அவர்களை வென்றவர்களாகவே விளித்துப் பேசினார்.

முற்பாதியில் எவரும் கோல் போடவில்லை. பிற்பாதி தொடங்கிய இரண்டாம் நிமிடத்தில் பிரேசிலின் ஃப்ரியாசா பந்தை வலைக்குள் செலுத்தினார். அரங்கம் அதிர்ந்தது. அப்பொழுது உருகுவே அணித்தலைவர் ஒப்தூலியோ வரேலா பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு மெல்ல நடந்துவந்து, ஆங்கிலேயரான நடுவரிடம் நெடுநேரம் வழக்காடினார். ஆரவாரம் அடங்கட்டும் என்பதே அவர் கருத்து. அது வீண்போகவில்லை. 66-ஆம் நிமிடத்தில் ஸ்கியாபினோ அடித்த கோல் ஆட்டத்தைச் சமனாக்கியது.

சமன் என்றாலும் கிண்ணம் பிரேசிலுக்கே அன்றோ? ஆதலின், ஆட்டம் முடியுமுன்பே ரிமே இருக்கையை விட்டு எழுந்தார். போர்த்துகீசிய மொழியில் ஆயத்தம் செய்த வாழ்த்துரை அவரிடம் இருந்தது. காவலர் இருபுறமும் அணிவகுத்து நிற்க, நாட்டுப்பண் முழங்க, களத்தின் நடுவே கிண்ணத்தை வழங்குவதாக ஏற்பாடு. அரங்கின் உள்வழிகளில் அவர் இறங்கினார். புறப்பட்டபோது எங்கும் பேரொலி. களத்தின் வாயிலை அடைந்தபோதோ ஓர் ஒலியும் இல்லை. 79-ஆம் நிமிடத்தில் கிகியா போட்ட கோல் உருகுவேயை 2-1 என வெற்றிபெறச் செய்துவிட்டது.

அணிவகுப்பு இல்லை, இசை இல்லை, உரையும் இல்லை. கிண்ணத்தைக் கையில் ஏந்தியவாறு அம்முதியவர் கூட்டத்திடையே இங்கும் அங்கும் தள்ளுண்டார். இறுதியில் வரேலாவைக் கண்டு, ஏதோ மறைபொருளை ஒப்படைப்பவர் போலக் கிண்ணத்தைக் கொடுத்து, பேச்சின்றிக் கைகுலுக்கி அகன்றார்.

தோல்வியின் பழி பெரிதும் பிரேசிலின் கோல் காப்பாளர் பார்போசாவின் தலையில் விழுந்தது. அவர் 2000-ஆம் ஆண்டில் மறையும் வரையில் அப்பழி நீங்கவில்லை, இது முறையன்று. பிரேசில் அணி அன்று அணிந்திருந்த வெண்ணிறச் சட்டையும் பழிக்குத் தப்பவில்லை. செய்தித்தாள் ஒன்று நடத்திய போட்டியின் வாயிலாகப் புதிய உடை தேர்ந்தெடுக்கப்பெற்றது. இன்று உலகம் அறிந்த மஞ்சட் சட்டை அதுவே. அதனை வரைந்தவர் உருகுவே எல்லையை அடுத்து வாழ்ந்த 19 வயது இளைஞர்.

வென்ற வரேலா அன்றிரவு விருந்தில் களித்திருக்கவில்லை. நகரத்து விடுதிகளுக்குச் சென்றார். அங்கே கண்ணீர் வடித்திருந்தவர்கள் அவரை அடையாளம் கண்டுகொண்டனர். அடிப்பரோ என்று அஞ்சினார் அவர். அவர்களோ அவரைத் தழுவிக்கொண்டு, விடியுமட்டும் தம்முடன் அமர்த்திக்கொண்டனர்.