வண்டியை ஒப்படைத்த மறுநாள்

அன்புள்ள தம்பிக்கு,

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஆபீஸ் போட்டு, கேரவன் கட்டித்தரும் தொழிலில் இறங்கியிருக்கிறாய் என்று கேள்விப்பட்டு மகிழ்ந்தேன். லாரிக்கு நாமக்கல், பஸ்ஸுக்குக் கரூர், போர்வெல் ரிக்குக்குத் திருச்செங்கோடு என்று பேர் வாங்கிய வட்டாரம் இது. இங்கே பிறந்த பிள்ளை ஒருவன் படுக்கையும் அடுப்பும் கழிவறையுமாக ஒரு வீட்டையே சக்கரத்தில் ஏற்றுகிறான் என்பதில் என்னைப் போன்ற பழைய பட்டறைக்காரனுக்குப் பெருமைதான். நீ அனுப்பிய வரைபடங்களைப் பார்த்தேன். மரவேலையும் உள்ளமைப்பும் நேர்த்தியாக இருக்கின்றன. அதில் உனக்கு என் யோசனை தேவையில்லை. சாவியைக் கொடுத்து வண்டியை அனுப்பிய மறுநாளிலிருந்து நடப்பதைப் பற்றித்தான் எழுத நினைத்தேன். உன்னைப் போல இந்தத் தொழிலுக்கு வருகிற மற்றப் பிள்ளைகளுக்கும் உதவட்டும் என்று பத்திரிகை வழியாகவே எழுதுகிறேன்.

கேரவன் ஊறிப்போன நாடுகளிலேயே இந்தத் தலைவலி பெரிது. ஆஸ்திரேலியாவின் போட்டி மற்றும் நுகர்வோர் ஆணையம் 2022இல் புதுக் கேரவன் விற்பனை பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. அதற்காகக் கருத்துச் சொன்னவர்களில் ஐந்தில் நான்கு பேர், வாங்கிய புது வண்டியில் ஏதோ ஒரு குறை இருந்ததாகச் சொல்லியிருந்தார்கள். அமெரிக்காவில் 2021ஆம் ஆண்டு ஏறத்தாழ 6 லட்சம் கேரவன் வண்டிகள் தொழிற்சாலையிலிருந்து வெளியேறின. அதுவரை காணாத எண்ணிக்கை. அதே ஆண்டு மார்ச்சில் எவர் கிவன் கப்பல் சூயஸ் கால்வாயின் குறுக்கே சிக்கி ஆறு நாள் போக்குவரத்து நின்றது. கொரோனாவால் கன்டெய்னர் தட்டுப்பாடு வேறு. அப்படிப்பட்ட காலத்தில் வந்த பாகமெல்லாம் முதலில் புது வண்டிக்குத்தான் போகும். பழுதாகி நிற்கும் வண்டி வரிசையில் கடைசி. எந்த ஊரிலும் நடப்பது இதுதான்.

ஒரு சின்னப் பாகம் ஏன் இத்தனை தாமதமாகிறது என்பதை முதலில் புரிந்துகொள். லாரி என்றால் சேசிஸ் ஒரு கம்பெனி, பாடி ஒரு பட்டறை. விவகாரம் இரண்டு பேரோடு முடிந்துவிடும். கேரவனில் சேசிஸ் ஒருவருடையது, பாடி உன்னுடையது, ஃபிரிட்ஜ் ஒரு நாட்டுச் சரக்கு, கூரை ஜன்னல் இன்னொரு நாட்டுச் சரக்கு, தண்ணீர் பம்ப்பும் சோலார் கன்ட்ரோலரும் வேறு வேறு இறக்குமதியாளர் கொண்டுவந்தவை. பம்ப் நின்றுபோனால் வாங்கியவர் உன்னிடம் வருவார். நீ போட்டோ எடுத்து உனக்கு விற்ற கடைக்கு அனுப்புவாய். கடைக்காரர் இறக்குமதியாளருக்கு, அவர் வெளிநாட்டுக் கம்பெனிக்கு. வாரண்டி உண்டா இல்லையா என்று அங்கே முடிவான பிறகுதான் ஆர்டர் போகும். ஒற்றைப் பம்ப்பைத் தனியாக யாரும் கப்பலில் ஏற்ற மாட்டார்கள். அடுத்த சரக்கோடு சேர்ந்து வரும். வந்தபின் கஸ்டம்ஸ். அதற்குள் மாடல் மாறிவிட்டால் அளவு பொருந்தாது. யாரும் வேண்டுமென்று இழுத்தடிக்காவிட்டாலும் ஒவ்வொரு கையிலும் சில நாள் தங்கிவிடுகிறது. எத்தனை கை என்பதைத் தீர்மானிப்பவன் நீதான், வரைபடம் போடும் அன்றைக்கே.

என் பட்டறைக்கு வந்த ஒரு வண்டியைச் சொல்கிறேன். கூரை ஜன்னலின் பிளாஸ்டிக் மூடி வெயிலில் வெடித்துப்போயிருந்தது. விற்றவர் அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். அதற்குள் ஐப்பசி மழை வந்துவிட்டது. தார்ப்பாய் கட்டியும் தண்ணீர் இறங்கி, கூரைப் பிளைவுட் உப்பி, ஒயரிங் வரை ஊறிவிட்டது. மூடி சில ஆயிரம் ரூபாய்ச் சமாச்சாரம். கூரையைப் பிரித்துப் புதிதாகப் போட்ட செலவு அதைப்போலப் பல மடங்கு. ரிட்டயர்மென்ட் பணத்தில் வண்டி வாங்கிய அந்தத் தம்பதி அதன்பிறகு அதில் பயணம் போகவே இல்லை, விற்றுவிட்டார்கள். காத்திருக்கும் பாகம் சும்மா காத்திருப்பதில்லை தம்பி. பக்கத்திலிருக்கும் நல்ல பாகத்தையும் கெடுக்கிறது.

ஆகவே, எதை வாங்கிப் பொருத்தினாலும் அழகையும் விலையையும் பார்ப்பதற்கு முன்பு, இது ராத்திரி பத்து மணிக்குக் கிருஷ்ணகிரியில் உடைந்தால் மறுநாள் எங்கே கிடைக்கும் என்று கேள். நாமக்கல் லாரி காஷ்மீர் வரை போகிறது. வழியில் நின்றால் அந்த ஊர்ப் பட்டறையிலேயே பேரிங்கும் பெல்ட்டும் பல்பும் மாற்றிக்கொண்டு கிளம்பிவிடுகிறது. உன் வண்டியிலும் கதவுக் கீல், ஜன்னல் ரப்பர், டேப், ஹோஸ், ஃபியூஸ், சுவிட்ச் எல்லாம் பஸ் பாடி கடையிலோ ஹார்டுவேர் கடையிலோ கிடைக்கிற அளவாக இருக்கட்டும். மின்சாரத்தில் கூடுதல் கவனம் வேண்டும். பெரிய சேசிஸில் 24 வோல்ட் ஓடும். கேரவன் சாமான்கள் பெரும்பாலும் 12 வோல்ட். நடுவில் இருக்கிற கன்வெர்ட்டர் போனால் விளக்கிலிருந்து பம்ப் வரை மொத்தமும் நிற்கும். அந்த ஒன்றை மட்டும் இங்கேயே கிடைப்பதாகத் தேர்ந்தெடு, கையில் ஒன்று உபரியாகவும் வை.

ரிக் வண்டிக்காரர்களிடம் இந்தப் பாடத்தைக் கற்கலாம். திருச்செங்கோட்டு ரிக்குகள் வெளிமாநிலங்களில் மாதக்கணக்கில் தங்கி வேலை செய்பவை. ஒருநாள் நின்றால் ஒருநாள் வருமானம் போச்சு. அதனால் எது அடிக்கடி தேயும், எது எப்போதாவது உடையும் என்று அவர்களுக்கு அத்துப்படி. தேய்வதைக் கூடவே கொண்டுபோகிறார்கள். நீயும் அப்படிப் பட்டியல் போடு. இறக்குமதிச் சாமான் வேண்டியே தீரும் என்றால், அது போடுகிற வண்டிகளுக்குப் பொதுவாக ஒரு செட் உன் கடையில் இருக்க வேண்டும். அந்தச் செலவை வண்டி விலையிலேயே சேர்த்து, வாங்குபவரிடம் சொல்லிவிடு.

ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு நோட்டு போடு. எந்தப் பாகம், எந்த மாடல், எங்கே வாங்கியது, ஒயர் எந்த வழியாகப் போகிறது, ஜன்னல் கட்டிங் என்ன அளவு என்று எழுதி, பலகை அடித்து மூடுவதற்கு முன் போட்டோவும் எடுத்து வை. ஒரு பிரதி வாங்கியவர் கையில் இருக்கட்டும். உன்னிடம் வர முடியாத தூரத்தில் வண்டி நின்றால், அந்த நோட்டு இருந்தால்தான் வேறொரு மெக்கானிக் துணிந்து கை வைப்பார்.

கேஸ், பிரேக், மின் இணைப்பு மூன்றிலும் தற்காலிக ஒட்டுவேலை கூடாது. வீட்டு சிலிண்டரின் சுரக்ஷா ஹோஸையே ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். குலுங்கி ஓடும் வண்டியில் இன்னும் கவனம் வேண்டும். இந்த மூன்றில் பாகம் வரவில்லை என்றால் வண்டி நிற்கட்டும். வாங்கியவர் கோபித்தாலும் பரவாயில்லை. மோட்டார் கேரவனுக்கென்றே ஏ.ஐ.எஸ்.-124 என்ற தரநிலை இருக்கிறது. அதன்படி ஒப்புதல் வாங்கிய அமைப்பை அவசரத்துக்காக மாற்றிவிடாதே.

டெலிவரிக்கு முன்பு ஏற்காட்டுக்கு ஒரு நடை ஏற்றி இறக்கு. சின்ன வண்டி என்றால் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளுக்கே கொண்டுபோ, தண்ணீர்த் தொட்டியை நிரப்பிக்கொண்டு. எந்த ஸ்க்ரூ கழல்கிறது, எந்த இணைப்பு கசிகிறது என்று வாங்கியவருக்கு முன்னால் உனக்குத் தெரிந்துவிடும்.

சட்டமும் வாங்குகிறவர் பக்கம் நகர்ந்துகொண்டிருக்கிறது. உதிரிபாகங்களை வெளிச்சந்தையில் கிடைக்கவிடாமல் வைத்திருந்ததற்காக 14 கார் கம்பெனிகளுக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. மேல்முறையீடுகள் தொடர்ந்தாலும் அந்தத் தீர்ப்பு தொழிலையே உலுக்கியது. 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் துறை, பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையதளம் தொடங்கியபோது வாகனத் துறையையும் சேர்த்தது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, சேவைக் குறைபாட்டுக்காக ஒருவர் மாவட்ட ஆணையத்தில் முறையிடலாம். மறைமலைநகரில் கார் செய்த ஃபோர்டு 2021 செப்டம்பரில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தபோது, சர்வீஸும் ஸ்பேரும் தொடரும் என்று சேர்த்தே சொல்ல வேண்டியிருந்தது. அவ்வளவு பெரிய கம்பெனியே சொல்ல வேண்டியிருந்ததை நீயும் எழுதிக் கொடு: இத்தனை ஆண்டுக்கு இந்த இந்தப் பாகம் என் பொறுப்பு என்று.

ஆனால் வழக்குக்குப் பயந்து நடப்பதைவிடப் பேச்சில் நேர்மை பெரிது. பம்ப் வரக் கப்பல் சரக்கு வர வேண்டும் என்றால் அதையே சொல். எந்தத் தேதிக்குள் தகவல் தருவாய் என்று சொல், அந்தத் தேதியில் பாகம் வராவிட்டாலும் நீயே போன் செய். சேசிஸ்காரரைப் பாருங்கள், ஃபிரிட்ஜ் கம்பெனியைக் கேளுங்கள் என்று வாங்கியவரை அலையவிடாதே. அலைவது உன் வேலை. நாள் ஆவதைவிட, பதில் சொல்ல ஆள் இல்லாததுதான் மனிதரை நோகடிக்கிறது.

இத்தனையும் செய்ய ஆரம்பத்தில் லாபம் குறையும். வருஷத்துக்குக் குறைந்த வண்டிகளே எடுக்க வேண்டிவரும். துணிந்து குறைத்துக்கொள். நீ பார்த்துக்கொள்ள முடிகிற எண்ணிக்கைதான் நீ கட்ட வேண்டிய எண்ணிக்கை. ஆர்டர் புத்தகத்தை நிரப்புவதற்கு முன் ஸ்பேர் அலமாரியை நிரப்பு. போன் எடுத்துப் பதில் சொல்ல ஒரு பொறுப்பான ஆளைச் சம்பளத்துக்கு வை. அப்புறம் முதல் வண்டிக்கு அட்வான்ஸ் வாங்கு.

அன்புடன்,
நாமக்கல்லிலிருந்து
ஒரு பழைய பாடி பில்டர்